பழுது எங்கே?

ஒரு பொருள் இயங்காமல் நின்றுவிட்டால், அதில் மிக விலையுயர்ந்த உறுப்பே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு. ஆனால் கைத்தொழில் அறிந்தவர் அவ்வாறு முடிவு செய்வதில்லை. நம் பகுதியின் ஷூ கம்பெனிகளில் பல்லாண்டு தைத்த தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். தையல் விட்டுவிட்டு விழுந்தால் அவர்கள் இயந்திரத்தைப் பழிப்பதில்லை. முதலில் ஊசியைப் பார்ப்பார்கள். அடுத்து நூலின் இறுக்கத்தைப் பார்ப்பார்கள். அதன் பின்னரே மெக்கானிக்கை அழைப்பார்கள். மலிவானதை முதலில் சோதித்து, விலையுயர்ந்ததைக் கடைசியில் சந்தேகிப்பது அவர்களது அனுபவம் கற்றுத்தந்த ஞானம். இந்த ஞானத்தை நம் இல்லங்களில் இருக்கும் பழைய கணினிக்கும் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல, பிள்ளைகளின் படிப்புக்கென்று ஒரு காலத்தில் அரும்பாடுபட்டுக் கணினி வாங்கின. புதியதாக வாங்க இயலாதவர்கள், அலுவலகங்கள் கழித்த பழைய கணினியையேனும் வாங்கினர். இன்று கைப்பேசி வந்துவிட்டபடியால், அந்தக் கணினி கூடத்தின் மூலையில் துணி போர்த்தப்பட்டுக் கிடக்கிறது. எனினும் அதனுள் உறங்குவது வெறும் இரும்பன்று. மூத்த மகளின் புதுநன்மை விழாப் படம், வேளாங்கண்ணிக்கு நடந்து சென்ற ஆண்டின் படம், மறைந்த பாட்டனாரின் குரல், நிலப் பத்திரத்தின் நகல் என்று ஒரு குடும்பத்தின் பத்துப் பதினைந்து ஆண்டு வாழ்வு அங்கே இருக்கிறது. ஒரு நாள் அதை இயக்கும்போது கருந்திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றி, துவக்குவதற்கு வட்டு எதுவும் இல்லை என்று அறிவிக்குமானால், இல்லத்தாரின் நெஞ்சம் எவ்வளவு பதறும்!

அத்தகைய நேரத்தில் பெரும்பாலும் நம் காதில் விழும் தீர்ப்பு, "ஹார்டு டிஸ்க் போய்விட்டது" என்பதே. தமிழில் வன்தட்டு என்று நாம் வழங்கும் அந்தக் கருவி உண்மையிலேயே கெடுவதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தட்டு நலமாயிருக்க, அதனைக் கணினியோடு பிணைக்கும் கேபிள் மட்டுமே தளர்ந்திருப்பதும் உண்டு. இரண்டிலும் திரையில் தோன்றும் எழுத்துகள் ஒன்றே. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

வன்தட்டு என்பது என்ன? காந்தப் பூச்சுடைய வட்டத்தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல, அவற்றின்மேல் மயிரிழையினும் ஆயிரக்கணக்கான மடங்கு நுண்ணிய இடைவெளியில் ஒரு முள் மிதந்து எழுதவும் படிக்கவும் செய்கிறது. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டி அதனினும் பல்லாயிரம் மடங்கு தாங்குகிறது. ஆனால் அது எவ்வளவு தாங்கினாலும், தாங்கியதை வெளியே தர இரண்டு கேபிள்களை நம்பியே இருக்கிறது. ஒன்று செய்தியைக் கொண்டு செல்வது; மற்றது மின்சாரம் தருவது.

செய்திக் கேபிளில் இரு வகை உண்டு. ஏறத்தாழ 2005-க்கு முற்பட்ட கணினிகளில் காண்பது, நாடா போன்று அகன்ற ஐ.டி.இ. கேபிள். பின்வந்தவற்றில் காண்பது, விரலினும் ஒடுங்கிய சாட்டா கேபிள். இது 2003-இல் சந்தைக்கு வந்தது. சாட்டா கேபிளின் முனையில் ஏழே தொடுமுனைகள். தொடக்க காலத்துச் சாட்டா கேபிள்களில் பிடித்துக்கொள்ளும் கொக்கி கிடையாது. வெறுமனே செருகி நிற்கும். மின்விசிறியின் அதிர்வாலும், பகலில் சூடேறி இரவில் குளிர்வதாலும் அது மெல்ல மெல்ல நழுவக்கூடும். மேலும், அந்த முனை ஏறத்தாழ 50 முறை செருகிக் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. தூசி தட்டும் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவை எவ்வூருக்கும் பொருந்துவன. நம் பகுதிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பதனிடுமுன் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த நீரில் ஊறவைப்பது வழக்கம். அந்தக் கழிவுநீர் அமிலத்தோடு கலக்கும்போது, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழுகிறது. மூடிய கழிவுத் தொட்டிக்குள் இறங்குவோரின் உயிரையே பறிக்கவல்ல வாயு இது. காற்றில் சிறிதளவே கலந்திருந்தாலும் வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். தோல் தொழிற்சாலைக்கு அருகில் வசிப்போர் தங்கள் பெண்மக்களின் கொலுசு விரைவில் கறுப்பதைக் கண்டிருப்பர். கொலுசைக் கறுக்கச் செய்யும் காற்று கணினியின் செம்பை மட்டும் விட்டுவைக்குமா?

கேபிளின் தொடுமுனைகளுக்குப் பொன்முலாம் பூசியிருப்பார்கள். பொன்னை இவ்வாயு தீண்டுவதில்லை. ஆனால் முலாம் மெல்லியது. அது தேய்ந்த இடத்திலும் நுண்துளை உள்ள இடத்திலும் அடியிலுள்ள செம்பு கறுத்து, மின்னோட்டத்தைத் தடுக்கும் படலம் உண்டாகிறது. 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடை செய்தது. அதன் பின்னர் மின்சுற்றுப் பலகைகள் சிலவற்றிற்கு வெள்ளிப் பூச்சு பூசலாயினர். கந்தகம் கலந்த காற்றுள்ள இடங்களில் அத்தகைய பலகைகள் விரைவில் பழுதாவதைப் பொறியாளர்கள் உலகெங்கும் கண்டனர். பாலாற்று நீருக்கும் நிலத்திற்கும் தோல் கழிவு இழைத்த தீங்கு 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் நாடறிந்த செய்தியாயிற்று. வீட்டுக்குள் வரும் காற்று சிறு உலோக முனைகளுக்கு இழைக்கும் தீங்கையோ சிலரே கவனித்திருப்பர்.

நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறுவது பொருத்தமாகும். எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் ஷூ கம்பெனியில் தைப்பவர், கணவரை இழந்தவர். மகன் கல்லூரியில் சேர்ந்தபோது கணவர் வாங்கித் தந்த பழைய கணினி ஒன்று அவர் இல்லத்தில் இருந்தது. சில மாதங்களாக அது காலையில் இயங்கும், நண்பகலில் உறைந்து நிற்கும், மாலையில் மீண்டும் இயங்கும். ஒரு நாள் முற்றிலும் நின்றுவிட்டது. கடைக்கு எடுத்துச் சென்றார். தட்டு கெட்டுவிட்டது என்றும், புதியது போட்டுத் தருவதாகவும், பழையதில் உள்ளவற்றை மீட்க வேண்டுமானால் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றும் கூறினார்களாம். அதற்கான செலவு அவரது பல மாத ஊதியத்தை விழுங்கிவிடும்.

பள்ளி ஒன்றின் கணினி அறையை நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் கவனித்து வந்தவர்கள் என்பதை அறிந்து, அவர் எங்களிடம் வந்தார். "அண்ணா, புதியது வாங்குவது பெரிதல்ல. அவருடைய படம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு ஒரு படமாவது பெரிதாக்கி வைக்க வேண்டும் என்று பிள்ளை ஆசைப்படுகிறான். அண்ணி, நீங்களாவது ஒரு முறை பாருங்கள்" என்றார். அவர் கேட்டது இயந்திரத்தையன்று என்பது எங்களுக்கு விளங்கியது.

கணினியைத் திறந்து பார்த்தோம். பக்கத்துத் தெருவின் சாக்கடை எந்தத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. உள்ளே செம்பு தெரிந்த இடமெல்லாம் கறுத்திருந்தது. மின்சாரம் கொடுத்துக் காதை அருகில் வைத்தோம். தட்டு ஒரே சீராகச் சுழலும் மெல்லிய இரைச்சல் கேட்டது. வேறு ஓசை இல்லை. கணினி துவங்கும்போதே விசையை அழுத்தி, பயாஸ் எனப்படும் அடிப்படைப் பட்டியலைத் திறந்தோம். அங்கே வன்தட்டின் பெயர் இல்லை. மின்சாரத்தை நிறுத்திச் செய்திக் கேபிளை இரு முனைகளிலும் கழற்றி மீண்டும் செருகினோம். இப்போது பெயர் தோன்றியது. கேபிளை விரலால் இலேசாக அசைத்து மறுபடி துவக்கியபோது பெயர் மறைந்தது. அவ்வளவில் பழுது எங்கே என்பது புலனாயிற்று. நல்ல கேபிள் ஒன்றை எடுத்து, தாய்ப்பலகையில் வேறொரு செருகுவாயில் மாட்டினோம். கணினி எழுந்தது.

அவர் கணவரின் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அந்தச் சகோதரி அழவில்லை. ஒரு படத்தைச் சுட்டிக்காட்டி, "இந்தச் சட்டை என்னுடைய முதல் போனஸில் நான் எடுத்துக் கொடுத்தது" என்று மட்டும் சொன்னார். படங்கள் அனைத்தையும் அன்றே படியெடுத்தோம். அதன் பின்னரே மற்ற வேலைகளைத் தொட்டோம்.

அவர் வீட்டிலும் வேறு இல்லங்களிலும் நாங்கள் கைக்கொண்ட முறையை வாசகர்களுக்காக வரிசைப்படுத்தித் தருகிறோம். இதற்குத் தனிப்படிப்பு வேண்டுவதில்லை. பொறுமையும் ஒரு திருப்புளியும் இருந்தால் போதும்.

முதலாவது, கேளுங்கள். தட்டு சுழலும் ஓசை சீராக இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. எவ்வித ஓசையும் இல்லையானால் மின்சாரக் கேபிளைச் சந்தேகியுங்கள். "டக், டக்" என்று இடைவிடாமல் தட்டும் ஓசை எழுந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அது தட்டினுள்ளேயே உள்ள பழுது. மீண்டும் மீண்டும் இயக்கினால் எஞ்சியதும் அழியும்.

இரண்டாவது, மின்சாரத்தை முற்றிலும் துண்டியுங்கள். சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பின்னர்க் கணினியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, தேங்கியுள்ள மின்சாரத்தை வடியச் செய்யுங்கள். உள்ளே கைவைக்குமுன் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் நீங்கும். மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் வன்தட்டையும் எக்காரணத்தாலும் பிரிக்கக் கூடாது.

மூன்றாவது, கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். தொடுமுனை கறுத்திருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் இருக்கும் பொன்முலாமும் போய்விடும். துடைத்தும் கறுப்பு நீங்காத கேபிளை மாற்றிவிடுவதே நல்லது. அதன் விலை பெரிதன்று.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு செருகுவாயை மாற்றுங்கள். பிறகு மின்சாரக் கேபிளை மாற்றுங்கள். மூன்றையும் ஒருசேர மாற்றினால் கணினி இயங்கலாம். ஆனால் பழுது எதில் இருந்தது என்று தெரியாமலே போகும். மின்சாரக் கேபிளில், பழைய நான்கு முனைச் செருகியைச் சாட்டாவாக மாற்றும் இடைக்கருவி இருந்தால் அதன் பிளாஸ்டிக் உருகியோ கருகியோ உள்ளதா என்று பாருங்கள். அவற்றில் சில சூடேறித் தீப்பற்றுவதுண்டு.

அகன்ற ஐ.டி.இ. கேபிள் உள்ள மிகப் பழைய கணினியானால் வேறு சில குறிப்புகள் உண்டு. நாடாவின் ஓரத்தில் உள்ள சிவப்புக் கோடு முதல் முனையைக் குறிக்கும். பெரும்பாலான தட்டுகளில் அது மின்சாரச் செருகியின் பக்கம் இருக்க வேண்டும். நீல முனை தாய்ப்பலகைக்கும், கறுப்பு முனை முதல் தட்டுக்கும், நடுவில் உள்ள சாம்பல் முனை இரண்டாம் தட்டுக்கும் உரியவை. தட்டின் பின்புறமுள்ள ஜம்பர் என்னும் சிறு பொருத்தி, ஒரே கேபிளில் உள்ள இரண்டு கருவிகளுக்கும் ஒரே நிலையில் இருந்தால், சில வேளைகளில் இரண்டும் மோதிக்கொண்டு ஒன்றும் தெரியாமல் போகக்கூடும். பயாஸ் பட்டியலில் தட்டின் பெயர் எழுத்துப் பிழைகளோடு தோன்றினால், செருகும்போது ஊசிமுனை ஒன்று வளைந்திருக்கலாம். அல்லது நாடாவில் கம்பி ஒன்று அறுந்திருக்கலாம். பெயரை எழுத்துப் பிழையோடு சொல்லும் தட்டு உயிரோடுதான் இருக்கிறது. அதன் சொல்தான் வழியில் சிதைகிறது.

இன்னொன்று: ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் கணினி தேதியை மறந்துவிட்டால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பெயர் சி.ஆர். 2032. அது தீர்ந்தால் தட்டைப் பற்றிய அமைப்புகளும் மாறிவிடக்கூடும். இதையும் தட்டின் சாவு என்று எண்ணிவிடக் கூடாது.

கணினி எழுந்த பின், பழுது கேபிளில்தான் இருந்ததா என்று உறுதி செய்ய வழியுண்டு. ஒவ்வொரு வன்தட்டும் தன் நலம் பற்றிய கணக்கைத் தானே எழுதி வைக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். அதில் 199-ஆம் வரி (சில திரைகளில் சி7 என்று காணும்) கேபிள் வழியே செல்லும் செய்தி எத்தனை முறை சிதைந்தது என்பதைக் கூறும். 5-ஆம் வரியும் 197-ஆம் வரியும் தட்டின் பரப்பிலேயே உண்டான சேதத்தைக் கூறும். அந்தச் சகோதரியின் கணினியில் 199-ஆம் வரியில் நூற்றுக்கணக்கான பிழைகள். மற்ற இரண்டிலும் சுழியம். தட்டு குற்றமற்றது என்பதற்கு அதனினும் நல்ல சாட்சியம் கிடையாது. கேபிளை மாற்றிய பின்னும் பழைய எண் அழிவதில்லை. அது மேலும் உயராமல் நின்றால் போதும். மாறாக, 5-உம் 197-உம் உயர்ந்துகொண்டே சென்றால் கேபிளைக் குறைகூறிப் பயனில்லை. படியெடுத்துக்கொண்டு தட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. கடையில் கணினியைக் கொடுக்கும்போது, "எங்களைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இயன்றால் எழுதியும் கொடுங்கள். தளர்ந்த கேபிளால் எழுந்த தொல்லையை மென்பொருள் கோளாறு என்று எண்ணி, தட்டைத் துடைத்துப் புதிதாக எழுதிவிட்டால், எந்தக் கேபிளும் போனதைத் திரும்பக் கொண்டுவராது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதனால் பழைய கணினியை விற்கவோ கழிக்கவோ எண்ணும் குடும்பங்களும், முதலில் உள்ளே இருப்பதைப் படியெடுக்கட்டும்.

படியெடுத்தல் நமக்குப் புதிய வழக்கமன்று. 1563-ஆம் ஆண்டில் திரெந்துப் பொதுச்சங்கம், திருமணங்களை ஏட்டில் எழுதிக் காக்கப் பங்குத் தந்தையர்க்குக் கட்டளையிட்டது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இன்னும் ஒரு படி சென்று, ஆண்டுதோறும் பங்கேடுகளின் படியொன்றை ஆயர் அலுவலகத்திற்கு அனுப்பப் பணித்தது. ஒரு கோவிலில் வெள்ளமோ தீயோ கரையானோ புகுந்தாலும், வேறோர் இடத்தில் அந்தப் பெயர்கள் வாழும். 1983-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பும், ஒருவரது திருமணத்தை அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டிலும் குறிக்கச் சொல்கிறது. கணினி வருமுன்பே நம் தாய்த் திருச்சபை கற்றிருந்த பாடம் இது: ஒரே இடத்தில் உள்ளது பாதி இழந்ததற்குச் சமம். ஆகவே குடும்பப் படங்களை வெளித்தட்டு ஒன்றிலும் பென்டிரைவ் ஒன்றிலும் படியெடுத்து, ஒன்றை உடன்பிறந்தார் வீட்டில் வையுங்கள். அந்தச் சகோதரியின் படங்களில் ஒரு படி இப்போது குடியாத்தத்தில் அவர் தங்கையின் பீரோவில் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பின் மனத்தில் எழும் எண்ணம் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். கனி தராத அத்திமரத்தை வெட்டச் சொன்ன உரிமையாளரிடம், கொத்தி எருப்போட இன்னும் ஓராண்டு தாரும் என்று வேண்டிய தோட்டக்காரரை நாம் அறிவோம். மரத்தைப் பற்றித் தீர்ப்பிடுமுன் வேரைச் சூழ்ந்த மண்ணைப் பார்க்க எண்ணினார் அவர். நம் இல்லங்களிலும் அண்ணன் தம்பி பேசாதிருக்கிறார்கள். மகன் வீட்டுக்கு வருவதில்லை. மாமியார் மருமகள் ஒரே கூரையின்கீழ் அயலாராய் வாழ்கிறார்கள். "அவன் மனமே கெட்டுவிட்டது" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். மனம் கெட்டிருக்கவும் கூடும். ஆனால் எத்தனையோ வீடுகளில் அன்பு உள்ளே அழியாமல் சுழன்றுகொண்டே இருக்கிறது. இடையில் இருக்கும் இணைப்பில்தான் கறுப்புப் படிந்திருக்கிறது. சொல்லாமல் விட்ட ஒரு சொல், கேளாமல் முடித்த ஒரு வழக்கு, சென்று பாராத ஒரு மரணவீடு ஆகியவைதாம் அந்தக் கறுப்பு. அதைத் துடைக்க நெடும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு முறை எழுந்து போய்ப் பார்த்தால் போதும்.

எனவே, அன்பார்ந்த பங்குக் குடும்பத்தாரே, மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் கணினியை இந்த ஞாயிறு மாலை குடும்பமாக அமர்ந்து திறந்து பாருங்கள். பிள்ளைகள் டார்ச் விளக்கைப் பிடிக்கட்டும். பெரியவர்கள் கேபிளைத் தொட்டுப் பார்க்கட்டும். எழுந்தால் படியெடுங்கள். எழாவிட்டால், முறையாகப் பார்த்த பின்பே கைவிட்டோம் என்ற அமைதியாவது கிட்டும். இழந்துவிட்டோம் என்று நாம் எண்ணியிருக்கும் பலவற்றை இறைவன் இன்னும் நமக்காகக் காத்து வைத்திருக்கிறார். அவற்றைத் தேடி எடுக்கும் பொறுமையை அவரே நமக்கு அருள்வாராக.